சிறிய சொல், பெரிய சுமை: 850 சொற்களின் மறைந்த கணக்கு

ஆங்கிலத்தில் ‘கோ’ என்றால் போ. ‘ஆஃப்’ என்றால் விலகி அல்லது நீங்கி. இரண்டும் தொடக்க வகுப்பிலேயே அறிமுகமாகும் சொற்கள். எவரும் இவற்றுக்காக அகராதியைப் புரட்டுவதில்லை. ஆனால் இவ்விரண்டும் சேர்ந்து வரும்போது நிலைமை மாறுகிறது. விளக்கு ‘கோ ஆஃப்’ ஆயிற்று என்றால் அணைந்துவிட்டது என்று பொருள். அலாரம் ‘கோ ஆஃப்’ ஆயிற்று என்றால் ஒலிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். துப்பாக்கியானால் வெடித்துவிட்டது; பாலானால் கெட்டுவிட்டது. ஒரே தொடர் ஓரிடத்தில் நின்றுபோவதையும் மற்றோரிடத்தில் தொடங்குவதையும் உணர்த்துகிறது. இரு சொற்களையும் ‘அறிந்த’ மாணவருக்கு இந்நான்கில் ஒன்றுகூடத் தானாக விளங்குவதில்லை.

சிறிய சொல் எளிய சொல் என்னும் எண்ணம் மிகப் பழையது. இன்றும் பாடநூல்களில் உயிரோடிருப்பது. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இவ்வெண்ணத்தின் மீது ஓர் உலகத் திட்டமே எழுப்பப்பட்டது. அத்திட்டத்தோடு நிகழ்ந்த விவாதத்தில் வங்காளத்துப் பள்ளிக்கூடங்களின் அனுபவத்துக்கு முக்கியமான இடமுண்டு. ஒரு மொழியைக் கற்பதற்கு எத்தனை சொற்கள் வேண்டும் என்னும் வினா, எத்தனை பொருள்கள் வேண்டும் என்னும் வினாவாக மாறிய வரலாறு அது.

முதலில் சிக்கலின் அளவைக் காண்போம். 1755இல் வெளிவந்த தம் அகராதியின் முன்னுரையில் சாமுவேல் ஜான்சன் தம்மை மிகவும் வருத்திய சொற்களைக் குறிப்பிடுகிறார். அவை கிரேக்க, இலத்தீனக் கலைச்சொற்கள் அல்ல. ‘கம்’, ‘கெட்’, ‘கிவ்’, ‘டூ’, ‘புட்’, ‘செட்’, ‘மேக்’, ‘டேக்’ போன்ற அன்றாட வினைகளே அவை. இவற்றின் பொருள் நிலையின்றி அலைவது என்றும், எல்லைகளை வரைந்துகாட்ட இயலாதது என்றும் அவர் முறையிடுகிறார். வினையோடு ‘ஆஃப்’, ‘அவுட்’, ‘ஆன்’ போன்ற துணைச்சொற்கள் சேரும் தொடர்களே அயலாருக்கு மிகப்பெரிய தடை என்பதையும் அவரே எடுத்துரைத்தார். ‘டேக்’ என்னும் ஒரு வினைக்கு மட்டும் அவர் 134 பொருள்களை வரிசைப்படுத்த நேர்ந்தது.

ஜான்சனுக்குப் பின் வந்தோருக்கும் இச்சுமை குறையவில்லை, கூடிற்று. 1884இல் முதற்பகுதி வெளிவந்து 1928இல் நிறைவுற்ற ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989இல் வெளியானது. அதில் மிக நீண்ட பதிவு ‘செட்’ என்னும் மூன்றெழுத்து வினைக்கு உரியது: 430க்கும் மேற்பட்ட பொருள்கள், ஏறத்தாழ 60,000 சொற்களில் விளக்கம். மூன்றாம் பதிப்புக்கான திருத்தப் பணியில் ‘ரன்’ அதனை விஞ்சியது. அவ்வினையின் பதிவைத் திருத்த அகராதியியலாளர் பீட்டர் கில்லிவருக்கு 9 மாதங்கள் ஆயின. பணி முடிந்தபோது 645 பொருள்கள் பிரித்துக் காட்டப்பட்டிருந்தன. நீண்ட, அரிய சொற்களோ பெரும்பாலும் ஒன்றிரண்டு பொருள்களோடு அமைதியாக அமர்ந்திருக்கின்றன.

இந்நிலை எவ்வாறு உண்டாயிற்று? பழைய ஆங்கிலம் இன்றைய ஜெர்மன் மொழியைப் போலவே முன்னொட்டுகள் மிகுந்த மொழி. வினையின் முன்னால் ஒட்டிக்கொண்டு அதன் திசையையும் நிறைவையும் உணர்த்திய அந்த முன்னொட்டுகள் காலப்போக்கில் தேய்ந்தன. அவற்றின் வேலையை வினைக்குப் பின் தனித்து நிற்கும் ‘அப்’, ‘அவுட்’, ‘ஆஃப்’, ‘டவுன்’ முதலியவை ஏற்றுக்கொண்டன. இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவியரின் மொழித்தொடர்பு இம்மாற்றத்துக்கு உரமூட்டியது என்பர். ‘டேக்’, ‘கெட்’ ஆகிய வினைகளே பழைய நார்ஸ் மொழியின் கொடைகள். ‘டேக்’ வருவதற்கு முன் ஆங்கிலத்தில் அவ்வேலையைச் செய்துவந்த வினை ‘நிமான்’. மரத்துப்போன என்று பொருள்படும் ‘நம்ப்’ என்னும் பெயரடை அவ்வினையின் எச்சம்: உணர்வு ‘எடுக்கப்பட்ட’ நிலை.

துணைச்சொற்களின் வரலாறும் இவ்வாறே வியப்புக்குரியது. ‘ஆஃப்’, ‘ஆவ்’ ஆகிய இரண்டும் தொடக்கத்தில் ஒரே சொல். அழுத்தம் பெற்ற வடிவம் பின்னாளில் தனி எழுத்துமுறை பெற்றுத் தனிச் சொல்லாயிற்று. ‘வித்’ என்பதன் பழைய பொருள் எதிராக என்பது. எதிர்த்து நில் என்று பொருள்படும் ‘வித்ஸ்டாண்ட்’ அப்பொருளை இன்றும் காக்கிறது. உடன் என்னும் பொருளுக்கு அன்று ‘மித்’ என்ற வேறு சொல் இருந்தது. அது மறைந்தபோது அதன் பொருளையும் ‘வித்’ தானே ஏற்றுக்கொண்டது. பிரசவம் பார்க்கும் ‘மிட்வைஃப்’, அதாவது பெண்ணுடன் இருப்பவள், என்ற சொல்லில் மட்டும் பழைய சொல் ஒளிந்திருக்கிறது. ஒரு நாடு மற்றொரு நாட்டுடன் ‘ஃபைட் வித்’ செய்தது என்னும்போது, எதிராகப் போரிட்டதா, துணையாக நின்று போரிட்டதா என்ற மயக்கம் இன்றும் எழுவதற்குக் காரணம், ஒரே சொல்லுக்குள் இரண்டு சொற்களின் வாழ்க்கை அடங்கியிருப்பதே.

1066ஆம் ஆண்டின் நார்மன் வெற்றிக்குப் பின் பிரெஞ்சு வினைகளும், மறுமலர்ச்சிக் காலத்தில் இலத்தீன் வினைகளும் பெருகின. நீதிமன்றம், திருச்சபை, கல்விக்கூடம் ஆகியவை ‘என்டர்’, ‘டாலரேட்’, ‘இன்வெஸ்டிகேட்’ என்று எழுதின. வீடும் வீதியும் ‘கோ இன்’, ‘புட் அப் வித்’, ‘லுக் இன்டு’ என்று பேசின. அயல்மொழி மாணவருக்கு இதில் ஒரு தலைகீழ் விளைவு ஏற்படுகிறது. ‘டாலரேட்’ என்பதை அவர் ஒருமுறை அகராதியில் பார்த்தால் போதும். ‘புட்’, ‘அப்’, ‘வித்’ என்ற மூன்றையும் தனித்தனியே அறிந்திருந்தாலும், வை, மேலே, உடன் ஆகியவற்றின் கூட்டுத்தொகையாகப் பொறுத்துக்கொள் என்ற பொருள் வருவதில்லை. ஆய்விதழ்க் கட்டுரையைத் தடையின்றிப் படிக்கும் இந்திய ஆய்வாளர் அன்றாட ஆங்கில உரையாடலில் திணறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சிறுசொற்களுக்குத் தமக்கென்று பொருள் உண்டா என்பது இந்திய இலக்கண மரபுகள் மிக முன்பே எழுப்பிய வினா. யாஸ்கரின் நிருக்தம் உபசர்க்கங்களைப் பற்றிய ஒரு விவாதத்தைப் பதிவு செய்கிறது. தனித்துப் பிரித்தெடுத்தால் அவை உறுதியான பொருளை உரைப்பதில்லை, பெயரோடும் வினையோடும் சேர்ந்து அவற்றின் பொருளையே விளக்கிக் காட்டுகின்றன என்பது சாகடாயனர் கொள்கை. அவற்றுக்குப் பல்வேறு பொருள்கள் உண்டு என்பது கார்க்கியர் கொள்கை. ஆஹாரம், ஸம்ஹாரம், விஹாரம் ஆகியவற்றில் வேர் ஒன்றே. உணவு, அழிவு, உலாவல் எனப் பொருள்கள் முற்றிலும் வேறு. இவ்வேறுபாடு முன்னொட்டில் இருக்கிறதா, சேர்க்கையில் பிறக்கிறதா என்பதே வழக்கு. தொல்காப்பியமும் இடைச்சொற்கள் தாமாகத் தனித்து நடவாதவை என்று வகுத்துவிட்டு, அதே இடையியலில் அவற்றின் பொருள்களையும் எண்ணி வைக்கிறது. உம் என்னும் ஓரிடைச்சொல்லுக்கு மட்டும் எச்சம், சிறப்பு, ஐயம், எதிர்மறை, முற்று, எண், தெரிநிலை, ஆக்கம் என எட்டுப் பொருள்கள். சாகடாயனரும் கார்க்கியரும் பிரிந்து நின்ற இதே இடத்தில், வேறொரு காலத்தில், வேறொரு மொழியை முன்வைத்து, 1930களின் ஆங்கிலக் கல்வியாளர்களும் பிரிந்து நின்றனர்.

கேம்பிரிட்ஜைச் சேர்ந்த சி. கே. ஆக்டன், ஐ. ஏ. ரிச்சர்ட்ஸுடன் இணைந்து 1923இல் ‘பொருளின் பொருள்’ என்னும் புகழ்பெற்ற நூலை எழுதியவர். சொற்களை வரையறுக்கும்போது சில சொற்கள் மீண்டும் மீண்டும் வருவதை அப்பணியில் கண்டனர். அச்சொற்களைக் கொண்டே எதையும் சொல்லிவிடலாமே என்னும் எண்ணம் அங்கே முளைத்தது. வினைச்சொல்மீது ஐயம் கொண்டு பெயர்ச்சொல்லையே விரும்பிய ஜெரமி பெந்தமின் மொழிச் சிந்தனையும் ஆக்டனைப் பெரிதும் ஈர்த்தது. 1930இல் அவர் ‘பேசிக் இங்கிலீஷ்’ திட்டத்தை வெளியிட்டார். மொத்தம் 850 சொற்கள்: பொருள்களின் பெயர்கள் 600, பண்புகள் 150, செயற்பாட்டுச் சொற்கள் 100. முழு ஆங்கிலத்தின் ஆயிரக்கணக்கான வினைகளுக்கு மாற்றாக 18 வினைகள் மட்டும்: கம், கெட், கிவ், கோ, கீப், லெட், மேக், புட், சீம், டேக், பி, டூ, ஹேவ், சே, சீ, சென்ட், மே, வில். இவற்றோடு இருபதை ஒட்டிய திசைச்சொற்களைச் சேர்த்தால் எவ்வினையையும் உருவாக்கலாம் என்பது கொள்கை. ‘என்டர்’ வேண்டாம், ‘கோ இன்’ போதும். ‘கிளைம்ப்’ வேண்டாம், ‘கோ அப்’ போதும்.

ஒரே தாளில் அச்சிடத்தக்க அப்பட்டியல் பலரைக் கவர்ந்தது. எச். ஜி. வெல்ஸ் 1933இல் எழுதிய எதிர்கால வரலாற்றில் அது உலகமொழியாகவே காட்டப்படுகிறது. இந்தியாவில் அடால்ஃப் மயர்ஸ் அதற்காக வாதிட்டு, 1938இல் பம்பாயில் ஒரு நூல் வெளியிட்டார். வின்ஸ்டன் சர்ச்சில் 1943 செப்டம்பரில் ஹார்வர்டில் ஆற்றிய உரையில் அதனை ஆதரித்தார். அதை ஆராய அமைச்சர் குழுவொன்றும் அமைக்கப்பட்டது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் மட்டும் கேலி செய்தார். சர்ச்சிலின் புகழ்பெற்ற போர்க்கால உரையை அம்மொழியில் பெயர்த்தால் கண்ணீருக்கு ‘கண்-நீர்’ என்றும் வியர்வைக்கு ‘முக-நீர்’ என்றும் சொல்ல நேருமே என்றார் அவர். தமிழருக்கு இதில் முற்பாதி நகைப்புக்குரியதன்று; கண்ணும் நீரும் சேர்ந்தே இங்கு கண்ணீர். ஆனால் தமிழில் அச்சேர்க்கை நெடுங்கால வழக்கினால் பொருள் பெற்றது, பட்டியலால் அன்று. ரூஸ்வெல்ட்டின் கேலி தொட்ட இடம் அதுவே. சொற்களைச் சேர்க்க எவராலும் முடியும்; அச்சேர்க்கைக்குப் பொருள் தருவது வழக்கு.

இதே வினாவை, கேலியாக அல்லாமல் கல்விச் சிக்கலாக எதிர்கொண்டவர் மைக்கேல் வெஸ்ட். இந்தியக் கல்விப் பணியில் சேர்ந்து வங்காளத்தில் பணியாற்றிய அவர், டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். 1926இல் கல்கத்தாவில் வெளியான அவருடைய ‘இருமொழியம்’ என்னும் நூல் வங்காளத்தை முன்வைத்து எழுதப்பட்டது. அதில் அவர் ஆயுள் காப்பீட்டுத் துறையிலிருந்து ஒரு கருத்தைக் கடன் வாங்கினார்: ‘சரண்டர் மதிப்பு’. காப்பீட்டுத் தவணைகளை முழுதும் கட்டாமல் இடையில் நிறுத்துவோருக்கு எவ்வளவு தொகை திரும்பக் கிடைக்கும் என்பதே அது. கல்விக்கும் அம்மதிப்பை அளக்க வேண்டும் என்றார் வெஸ்ட். வங்காளத்தில் ஆங்கிலம் கற்கத் தொடங்குவோரில் பெரும்பாலோர் முடிக்கும்வரை பள்ளியில் இருப்பதில்லை. இடையில் விட்டுச் செல்லும் சிறுவனின் கையில் என்ன மிஞ்சுகிறது? பல ஆண்டுகள் முயன்றும் ஒரு பக்கத்தைத் தானாகப் படிக்க இயலாதெனில், அவன் கட்டிய தவணைகள் அனைத்தும் வீண்.

இவ்வினாவிலிருந்து அவருடைய வாசிப்பு முறை பிறந்தது. அன்றைய ஆங்கில வாசகங்கள் இலக்கியப் பாங்கான அருஞ்சொற்களை நெருக்கமாக அடுக்கியிருந்தன. ஒரு சொல் மனத்தில் படியும் முன்னரே அடுத்தது வந்து நின்றது. வெஸ்ட் அருஞ்சொற்களை நீக்கி, மிகுதியாக வழங்கும் சொற்களை அவற்றின் இடத்தில் வைத்தார்; புதிய சொற்களைப் பக்கங்களில் சீராகப் பரப்பினார். 1935இல் ஜே. ஜி. எண்டிகாட்டுடன் இணைந்து வெளியிட்ட கற்போர் அகராதியில் 24,000 பதிவுகளை 1,490 சொற்களைக் கொண்டே விளக்கினார். இன்று கற்போர்க்கான ஒருமொழி ஆங்கில அகராதிகள் பலவும் கையாளும் வரையறைச் சொற்றொகுதி முறைக்கு முன்னோடி அது.

சொற்களைக் குறைப்பதே நோக்கமென்றால் வெஸ்ட்டும் ஆக்டனும் ஒரே அணியில் நின்றிருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. 1934இல் வெஸ்ட்டும் உடன்பணியாற்றியோரும் டொராண்டோவில் ‘பேசிக் இங்கிலீஷ்’ பற்றிய விரிவான திறனாய்வை வெளியிட்டனர். ஆக்டன் அடுத்த ஆண்டே கடுமையான மறுப்பு நூல் எழுதினார். தனிப்பட்ட கசப்புகளை நீக்கிப் பார்த்தால் விவாதத்தின் மையம் எளியது: கற்க வேண்டிய அலகு எது? ஆக்டனின் கணக்கில் ‘புட்’ ஒன்று, ‘அப்’ ஒன்று, ‘வித்’ ஒன்று. மூன்றும் பட்டியலில் முன்பே இருப்பவை, ஆகவே ‘புட் அப் வித்’ செலவின்றிக் கிடைக்கிறது. எதிர்த்தரப்பின் கணக்கில் அது நான்காவது அலகு. அதனைத் தனியே கற்க வேண்டும், தனியே நினைவில் வைக்க வேண்டும். கார்க்கியரின் பக்கம் ஒருவர், சாகடாயனரின் பக்கம் மற்றவர் என்று இதனைக் காண்பது பொருந்தும். திசைச்சொல்லுக்கு நிலையான பொருள் உண்டு, அது விரிந்து செல்கிறது என்பது ஆக்டன் நம்பிக்கை. சேர்க்கையில்தான் பொருள் பிறக்கிறது என்பது வகுப்பறையின் அனுபவம்.

அமெரிக்க மொழியியலாளர் சார்ல்ஸ் ஃப்ரீஸ் இவ்விவாதத்துக்கு எண்களைச் சேர்த்தார். ஆங்கிலத்தில் மிகுதியாக வழங்கும் 500 சொற்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டு அகராதி 14,070 பொருள்களைப் பதிவு செய்திருக்கிறது என்று அவர் கணக்கிட்டார். சராசரியாக ஒரு சொல்லுக்கு 28. ஆக்டனின் 850 சொற்களுக்கு உரிய பொருள்கள் 12,000ஐத் தாண்டின. இவை அனைத்தையும் எந்த மாணவரும் கற்க வேண்டியதில்லை. வழக்கொழிந்தவையும் சிறப்புத் துறைக்குரியவையும் அவற்றுள் பல. ஆயினும் பட்டியலின் எளிமை எங்கிருந்து வந்தது என்பது தெளிவாயிற்று. சுமை குறைக்கப்படவில்லை; சொல்லின் கணக்கிலிருந்து பொருளின் கணக்குக்கு மாற்றி எழுதப்பட்டிருந்தது.

எந்தப் பொருள் எவ்வளவு வழங்குகிறது என்று எண்ணிப் பார்த்தாலன்றி இதற்குத் தீர்வில்லை. 1934இல் கார்னகி நிறுவனம் நியூயார்க்கில் கூட்டிய மாநாட்டில் வெஸ்ட்டும், ஜப்பானில் பணியாற்றிய ஹெரால்டு பாமரும், சொல் எண்ணிக்கைக்குப் பெயர்பெற்ற எட்வர்டு தார்ன்டைக்கும் சந்தித்தனர். 1936இல் இடைக்கால அறிக்கை வெளிவந்தது. இர்விங் லார்ஜும் தார்ன்டைக்கும் 1938இல் ஆங்கிலச் சொற்களின் ‘பொருள் எண்ணிக்கை’யை வெளியிட்டனர். கணிப்பொறி இல்லாத காலத்தில், இலட்சக்கணக்கான சொற்கள் கொண்ட பனுவல்களில் ஒரு சொல் வரும் ஒவ்வோரிடத்தையும் மனிதர் படித்து, அங்கே எப்பொருளில் வந்தது என்று குறித்துச் சேர்த்த பணி அது. போர் முடிந்த பின், 1953இல், வெஸ்ட் தொகுத்த ‘பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியல்’ வெளியாயிற்று. ஏறத்தாழ 2,000 தலைச்சொற்கள் கொண்ட அதன் தனிச்சிறப்பு, ஒவ்வொரு சொல்லின் கீழும் பொருள்கள் பிரிக்கப்பட்டு அவற்றின் வழக்கு விழுக்காடு தரப்பட்டிருப்பதே. ஆசிரியர் ‘டேக்’ கற்பிக்கலாமா என்று கேட்பதற்கு மாறாக, ‘டேக்’ என்பதன் எப்பொருளை முதலில், எதைப் பின்னர், எதைக் கற்பிக்கவே வேண்டியதில்லை என்று கேட்க முடிந்தது. சரண்டர் மதிப்பு பற்றிய வினாவுக்கு 27 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த விடை எனலாம்.

ஆக்டனின் திட்டம் அதற்குள் தளர்ந்திருந்தது. 1946இல் அவர் தம் பதிப்புரிமையை 23,000 பவுனுக்கு அரசிடம் ஒப்படைத்தார். பெரும் பரவல் நிகழவில்லை. ஆயினும் சொற்பட்டியலே பாடத்திட்டம் என்ற எண்ணம் மறையவில்லை. வெஸ்ட்டின் பட்டியலைப் பின்பற்றியோர் பலரும் அதன் தலைச்சொற்களை எடுத்துக்கொண்டு விழுக்காடுகளை விட்டுவிட்டனர். பாடநூலின் இறுதியிலும் துணைநூலின் தொடக்கத்திலும் ஒரு சொல்லுக்கு எதிரே ஒரு பொருள் என்று அச்சாகும் பட்டியல் இன்றும் அவ்வழக்கத்தைத் தொடர்கிறது.

பிற்கால ஆய்வு வெஸ்ட்டின் உள்ளுணர்வை உறுதி செய்தது. 1987இல் ஜான் சின்க்ளேர் தலைமையில் பர்மிங்காமில் உருவான ‘கோபில்ட்’ அகராதி, கணிப்பொறியில் தொகுத்த பெரும் பனுவல் திரளை அடிப்படையாகக் கொண்டது. ‘டேக்’, ‘ஹேவ்’, ‘மேக்’ போன்ற வினைகள் எடு, வைத்திரு, செய் என்னும் அடிப்படைப் பொருள்களில் வருவதைவிட, ‘டேக் எ லுக்’, ‘ஹேவ் எ பாத்’ என்பன போல் தம் பொருள் வெளுத்து, அடுத்துவரும் பெயருக்கு வினைத்தன்மை தருவனவாகவே பெரிதும் வருகின்றன என்பதை அத்திரள் காட்டியது. அகராதி முதலாவதாகத் தரும் பொருள் வழக்கில் முதலாவதாக இருப்பதில்லை.

இந்திய மாணவருக்கு இதில் ஓர் ஊக்கமும் உண்டு. ‘ஈட் அப்’ என்பதில் உள்ள ‘அப்’ மேலே என்பதைக் குறிப்பதில்லை. செயல் முற்றுப்பெறுவதைக் குறிக்கிறது. தமிழில் சாப்பிட்டுவிடு என்கிறோம். விட்டு நீங்கும் செயல் எதுவும் அங்கில்லை. இந்தியில் ‘கா லோ’ என்பர்; எடுத்தலைக் குறிக்கும் வினை அங்கே துணையாக நிற்கிறது. வெஸ்ட் பணியாற்றிய டாக்காவின் வங்க மாணவர்கள் ‘கேயே ஃபேலோ’ என்றிருப்பர். எறிதலைக் குறிக்கும் வினை அது. சிறுசொல் தன் பொருளை இழந்து மற்றொன்றின் நிறைவை உணர்த்தும் இயல்பு இந்திய மொழிகளின் பொதுச்சொத்து. ‘அப்’ என்றால் மேலே என்று எழுதிப் போடுவதைவிட, இவ்விடத்தில் இது நம் ‘விடு’ போன்றது என்று ஓர் ஆசிரியர் சொல்வது கூடுதல் பயன் தரும். அதற்குத் தாய்மொழி வகுப்பறைக்குள் வரவேண்டும்.

ஆங்கிலச் சிறுசொற்களுக்கு இந்தியர் பொருள் பெற்றுக்கொண்டது மட்டுமன்றிப் பொருள் கொடுத்தும் இருக்கின்றனர். பிரித்தானிய வழக்கில் ‘பாஸ் அவுட்’ என்றால் மயங்கி விழுதல். படைப்பள்ளியில் பயிற்சி முடித்து வெளியேறுதல் என்ற பொருளும் உண்டு. இந்தியாவில் எந்தக் கல்லூரியிலிருந்தும் பட்டம் பெற்று வெளியேறுதலாக அது விரிந்தது. ‘ஒன்லி’ என்பது வாக்கியத்தின் இறுதியில் வந்து, தமிழின் ‘தான்’, இந்தியின் ‘ஹீ’ ஆகியவற்றின் வேலையைச் செய்கிறது. தொல்காப்பியர் தேற்றம் என்று பெயரிட்ட பொருள் அது. வினாத்தாளில் இவை பிழை. ஆனால் ஸ்காண்டிநேவியக் குடியேறிகள் வாய்வழி ‘டேக்’ ஆங்கிலத்துக்குள் நுழைந்து ‘நிமான்’ வெளியேறிய காலத்திலும் நிகழ்ந்தது இத்தகைய தொடர்பே. சிறுசொல்லின் நூற்றுக்கணக்கான பொருள்கள் ஒரே நாளில் எவரும் வகுத்தவை அல்ல; வெவ்வேறு மக்கள் வெவ்வேறு தேவைக்கு அதனைப் பயன்படுத்திய தடங்கள் அவை.

வெஸ்ட் எழுப்பிய வினா இன்னும் முடியவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு நீங்கும் மாணவிக்கு ஐந்நூறு ஆங்கிலச் சொற்கள் தெரியும் என்று மதிப்பீட்டு அறிக்கை சொல்லலாம். அச்சொற்களின் எத்தனை பொருள்கள் அவளுக்குத் தெரியும் என்று அது கேட்பதில்லை. ‘டேக்’ என்றால் எடு என்று மனப்பாடம் செய்தவள், மாத்திரைப் பெட்டியில் ‘டேக்’ என்றிருப்பதை உட்கொள் என்று புரிந்துகொள்வாளா? படிவத்தில் ‘ஃபில் அப்’ என்றும், அறிவிப்பில் ‘ஷட் டவுன்’ என்றும், பணிவிளம்பரத்தில் ‘டேக் அப்’ என்றும் காணும்போது அவள் கற்ற மேலே, கீழே, எடு ஆகியவை எவ்வளவு தூரம் துணைவரும்? கல்லூரிவரை செல்வோர் இக்குறையை வாசிப்பாலும் பழக்கத்தாலும் பின்னர் ஈடுசெய்துகொள்வர். இடையில் நிற்போருக்கு அந்த ‘பின்னர்’ வாய்ப்பதில்லை. சொற்களின் எண்ணிக்கையைச் சாதனையாகக் காட்டும் பாடத்திட்டம் எதுவாயினும், அதன் மறைந்த கணக்கைத் தீர்ப்பவர்கள் இவர்களே.